இரண்டு பேருக்கு ஒரு வீடு

எங்கள் பக்கத்தில் மருமகளாக வந்தவள் கணவனின் அண்ணன் பெயரை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் நாக்கு அழுகிவிடாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். எனக்கு அவர் பெரியத்தான். மற்றவர்கள் கூப்பிடும்போது பெயர் தானாக வந்துவிடும். அவர் மனைவி நசீபா அக்காவின் பெயருக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. இப்போதெல்லாம் அந்தப் பெயரைத்தான் அடிக்கடி சொல்கிறேன்.

அக்கா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவள். ஆண்கள் பாதிப் பேர் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட்ட ஊரில் அந்த மண்வெட்டியை யார் பிடிப்பது? அவள் பிடித்தாள். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை விடிவதற்கு முன்பே எழுந்து, பனியை மிதித்துப் போய் அடுப்பை மூட்டுவாள். பிள்ளைகள் கை விறைக்காமல் எழுதினார்கள், படித்தார்கள், ஊரை விட்டுப் போனார்கள். கரி மட்டும் போகாமல் அக்காவின் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் நகரத்து டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "அம்மா, இனிமே கரி அடுப்பு இருக்கிற வீட்ல நீங்க குளிர்காலம் கழிக்கக் கூடாது. கழிச்சா நான் பொறுப்பில்லை."

நாரின் ஆற்றுக்கு மேலே இருக்கிற எங்கள் ஊரில் கரி இல்லாமல் குளிர்காலமா? நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. ஏரிக்கரையில் அவள் அண்ணன் மகள் வைக்கோல் கட்டுகளால் சுவர் எழுப்பிய வீட்டில் இருந்தாள். ஒரு தடவை குளிர்காலத்தில் அங்கே போய்த் தங்கிவிட்டு வந்த அக்காவுக்கு அதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

"துர்சுனை, காலையில ஒரு கூடை வறட்டி போட்டா, மறுநாள் வரைக்கும் சூடு போகலடீ. புகை இல்ல, இருமல் இல்ல. ராத்திரி பூரா தூங்கினேன்."

"சுவர் வைக்கோலா? மாடு வந்து தின்னா?"

"திங்கட்டுமே. நம்ம வீட்டு மாடுதானே, ஜன்னல் வழியா பாலும் குடுத்துட்டுப் போகும்."

அவர்கள் அப்போது இருந்தது பழைய கூட்டுப்பண்ணைக் குடியிருப்பில். சுவரில் விரலை வைத்தால் காற்று தெரியும். மாமனார் வீடு வழக்கப்படி கடைசி மகனான என் வீட்டுக்காரருக்கு வந்துவிட்டது. பெரியத்தான் எப்படியும் தனியாக ஒரு வீடு கட்டியாக வேண்டும். மனை இருந்தது. களிமண் ஆற்றங்கரையில் கேட்பாரில்லாமல் கிடந்தது. பார்லி அறுத்த வைக்கோல் கிடைத்தது. ஆட்டு மயிரை வாங்க ஆளில்லாமல் வருடா வருடம் ஓடையில் கொட்டுகிறோம். அதை மேற்கூரைக்குள் அடைத்துவிடலாம் என்றாள் அக்கா. பெரியத்தானும் சரி என்றார். அவர் எதற்கும் சரி என்றுதான் சொல்வார், அதுதான் அவரிடம் இருந்த வியாதி.

மே மாதம் அக்காவும் நானும் மனையில் முளை அடித்து, கம்பளிக் கயிறு கட்டி, வீட்டைத் தரையில் வரைந்தோம். இரண்டே அறை, தாழ்ந்த கூரை, தெற்கே ஆற்றைப் பார்த்து ஜன்னல்கள். குளிர்கால வெயில் சாய்ந்து வந்து உள்ளே விழ வேண்டும் என்பதற்காக அப்படி. தெரு இருப்பது வடக்கே, காற்று வருவதும் அங்கிருந்துதான். அந்தப் பக்கம் ஒரு ஓட்டை கூட இல்லாத சுவர். கயிற்றுக்குள்ளே அக்கா புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

"இங்க நான். அங்க அவரு. நடுவுல அடுப்பு. நீ வந்தா அந்த மூலை."

"என் வீட்டுக்காரர் வந்தா?"

"உன் மடியில உக்காரட்டும்."

சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடிக்கும் வரை நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

முளை அடித்த செய்தி பரவியதும் சொந்தங்கள் தேநீர் குடிக்க வந்தார்கள். முதலில் வந்தவர் கல்முரத் சித்தப்பா, மாமனாரின் தம்பி. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலுக்கு எதிரே இருக்கிற மரியாதை இடத்தில் யாரும் சொல்லாமலே போய் உட்காருகிறவர். கயிற்றைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு கேட்டார்.

"எசென்குல், இது என்னடா, கோழிக்கூடா?"

"வீடு, சித்தப்பா."

"வாசல் எங்க?"

"தெற்கால."

"அப்ப தெருவுல வர்றவனுக்கு உன் வீடு முதுகைக் காட்டுமா? விருந்தாளி வந்தா முகத்தைக் காட்டறதுதான் நம்ம பழக்கம். நீ பின்பக்கத்தைக் காட்டறே!"

கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியத்தானின் காது சிவந்துபோனது. சித்தப்பா விடவில்லை.

"நீ மூத்தவன். நாளைக்கு நான் கண்ணை மூடினா நாலு ஊரும் உன் வீட்டுக்குத்தான் வரும். அவங்களை எங்க உக்காத்தி வைப்பே? அடுப்பு மேலயா?"

நசீபா அக்கா தேநீர்க் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தபடி மெதுவாகச் சொன்னாள், "நீங்க நல்லா இருங்க சித்தப்பா. நீங்க கண்ணை மூடறதுக்காக நான் இப்பவே குளிர்ல கிடக்கணுமா?"

மருமகள் பேசக் கூடாத பேச்சு அது. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். பெரியத்தான் மட்டும், "விடு நசீபா, பெரியவங்க சொல்றாங்க" என்றார். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு பக்கத்து முளைகள் தள்ளிப் போயிருந்தன.

அதற்குப் பிறகு வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளினார்கள். ஒருவர் கூடம் வேண்டும் என்றார். இன்னொருவர் கூடம் என்றால் தெருவிலிருந்து ஆற்றுப் பக்கம் வரை நீளமாக இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு வரிசை விரிப்பு போடலாம் என்றார். என் வீட்டுக்காரரும் சும்மா இருக்கவில்லை, கூரை உயரமாக இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று திருவாய் மலர்ந்தார். அன்றைக்கு அவருக்குச் சோறு போடும்போது சட்டியைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். பெரியத்தான் எல்லோருக்கும் தலையாட்டினார்.

மாட்டைக் கறந்துகொண்டே அக்கா அவரிடம் கேட்டது எனக்கு வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"என்னங்க, உங்க சித்தப்பா வருஷத்துல எத்தனை நாள் நம்ம வீட்ல தூங்குவாரு?"

"ஒரு நாள். ரெண்டு நாள்."

"நான்?"

"உன் ரெண்டு அறையும் அப்படியேதான் இருக்கும். கூடம் ஒரு ஓரமா நிக்கப் போகுது, அவ்வளவுதான். உனக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

"சூடு ஓரத்துல நிக்காதுங்க. எல்லாப் பக்கமும் ஓடும்."

ஆகஸ்டில் அஷார் வைத்தோம். ஊர் கூடி ஒரு வீட்டுக்காக உழைக்கிற நாள் அது. கூலி கிடையாது, ஆடு அடித்துச் சோறு போட வேண்டும். குதிரைகளை விட்டுக் களிமண்ணையும் சாணத்தையும் நறுக்கின வைக்கோலையும் மிதிக்க வைத்தோம். பெண்கள் பாவாடையைச் செருகிக்கொண்டு சாந்தை உருட்டி எறிந்தோம், ஆண்கள் சுவரில் அறைந்தார்கள். யார் மூஞ்சியில் சாந்து விழுந்தாலும் ஒரே கூத்து. அந்த ஒரு நாள் அக்கா எல்லாவற்றையும் மறந்து சிரித்தாள். வைக்கோல் கட்டுகளுக்கு மேல் உட்கார்ந்து, "என் வீடு வைக்கோல்போர் மேல இருக்கு, ஆட்டைக் கட்டிப் போடுங்க!" என்று கத்தினாள்.

வைக்கோல் இரண்டு அறைக்குத்தான் அளவாக இருந்தது. கூடத்துக்கு வரவில்லை. ஆட்டு மயிரும் பாதிக் கூரையோடு தீர்ந்துவிட்டது. கூடத்துச் சுவர்களுக்கு சிமென்ட் கட்டிகள் லாரியில் வந்தன. தெருப் பக்கம் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி. தெற்குச் சுவரில் ஜன்னல் வைக்கவில்லை, அங்கே சித்தப்பா முதுகு சாய்ந்து உட்கார வேண்டுமாம். ஊரே வந்து பார்த்து வாயைப் பிளந்தது. நல்ல வீடு என்றால் இதுதான் என்றார்கள்.

முதல் குளிர்காலத்திலேயே தெரிந்துபோனது. அக்காவின் இரண்டு அறையிலிருந்த சூட்டைக் கூடம் குடித்தது. கதவுக்குக் கம்பளி தொங்கவிட்டார்கள், இடுக்குகளை அடைத்தார்கள், பயனில்லை. புது வீடு பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் குளிரில் தொப்பியைக் கழற்றாமல் சாப்பிட்டார்கள். பெரியத்தானுக்கு மானம் போயிற்று. டிசம்பரில் ஒரு கொதிகலன் வாங்கி, கூடத்துக்குக் குழாய் இழுத்தார். கொதிகலன் நின்றது அக்காவின் சமையலறையில். கரி மூட்டைகள் வந்து இறங்கிய அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். அக்கா மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்தேன்னு நினைச்சேன். மோப்பம் பிடிச்சு வீட்டுக்கே வந்துடுச்சு, பாரு."

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. சித்தப்பா மேலா, கூரையை உயர்த்திய என் வீட்டுக்காரர் மேலா? கெட்டவர்கள் என்று யாரும் இல்லை. விருந்தாளி முகம் கோணக் கூடாது என்று பார்த்தோம். அதில் வீட்டுக்காரியின் மூச்சு போனதை யாரும் கணக்கில் வைக்கவில்லை. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாராலும் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்ய முடியாது.

அடுத்த இலையுதிர் காலத்தில் அக்காவின் மகள் வந்து, அவளைத் மலைக்கு அந்தப் பக்கம் தெற்கே ஜலாலாபாத் நகரத்திலிருக்கும் தன் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். அங்கே குழாயில் சுடுதண்ணீர் தானாக ஓடி வீட்டைச் சூடாக்கும், புகை இல்லை. அதிலிருந்து அக்கா எங்கள் ஊருக்கு விருந்தாளி ஆகிவிட்டாள். பனி உருகினால் வருவாள், உருளைக்கிழங்கு தோண்டியதும் போவாள். போகும்போது கூடத்தைத் திரும்பிப் பார்த்து, "சித்தப்பா வந்தா நல்லா கவனிங்க" என்பாள். பெரியத்தான் சிரிக்க முயற்சி செய்வார். பிறகு ஆறு மாதம் அந்த வீட்டில் தனியாக, சமையலறையில் கட்டில் போட்டுப் படுத்திருப்பார். கூடத்துக் கண்ணாடியில் உட்புறம் பனி பூத்திருக்கும்.

வீடு கட்டி நான்காவது இலையுதிர் காலத்தில் அக்கா கிளம்பிப் போன பிறகு, பெரியத்தான் எங்கள் களத்துக்கு வண்டியோடு வந்தார்.

"துர்சுனை, உங்க வைக்கோல் எனக்கு வேணும். ஆட்டு மயிரும்."

"எதுக்கு?"

"கூடத்துக்குள்ள ஒரு அறை கட்டறேன். அவ அப்ப கயிறு கட்டின அளவுல. பழைய அறை ரெண்டும் கரியும் குளிருமாப் போச்சு."

முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். தாடி நரைத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தார்.

"அஷார் வைக்கலாமே. எல்லாரும் வருவாங்க."

"வேண்டாம். வந்தா ஆளுக்கு ஒரு யோசனை சொல்வாங்க. எனக்குத் தலையாட்டாம இருக்கத் தெரியாது." சற்று நேரம் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "அவகிட்ட சொல்லாதே. முடிச்சுட்டு நானே சொல்றேன்."

தனி ஆளாகத்தான் செய்தார். கூடத்தின் தெற்குக் கோடியில் சிமென்ட் சுவரை உடைத்து, பெரிய ஜன்னல் வைத்தார். வெளிச்சுவரை ஒட்டி உள்ளே வைக்கோல் கட்டுகள், கூடத்துக்குக் குறுக்கே ஒரு வைக்கோல் சுவர், மேலே தாழ்வாகப் பலகை, பலகைக்கு மேல் நான் கொடுத்த மயிர். பார்த்தால் பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி வைத்த மாதிரி இருந்தது. களிமண்ணைக் காலாலேயே மிதித்துப் பூசினார். ஆனால் தொடங்கியதே தாமதம். சாந்து பூசி முடிக்கும்போது டிசம்பர் ஆகிவிட்டது. அந்தக் குளிரில் சாந்து எங்கே காயும்? சுவர் கறுத்து ஈரமாக நின்றது. பகலில் வெயில் அடித்தால் ஆவி பறக்கும், சாயங்காலம் திரும்ப வேர்த்துவிடும்.

அவர் சொல்லாதே என்றதை நான் எவ்வளவு நாள் வாய்க்குள் வைத்திருப்பேன்? புத்தாண்டு அன்று அக்கா போன் பேசியபோது சொல்லிவிட்டேன்.

"அக்கா, உங்க அறை வந்துடுச்சு. கூடத்துக்குள்ளேயே கட்டிட்டாரு."

அக்கா உடனே கேட்டாள், "ஜன்னல் எந்தப் பக்கம்?"

"தெற்கு."

"படுத்துப் பார்த்தியா? கால் இடிக்குதா?"

"உங்களுக்கு இடிக்காது. அவரு மடக்கித்தான் படுக்கணும்."

"மடக்கட்டும்." சிரித்தாள், இருமினாள். "இப்பவா துர்சுனை? இப்பவா தோணுச்சு அந்த மனுஷனுக்கு?" மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள், "சரி, நான் வர்றேன். இந்த வாரமே வர்றேன். இங்க நாலு சுவருக்குள்ள யார் முகமும் தெரியாம எனக்கு வெறுத்துப்போச்சுடீ."

பெரியத்தான் விடவில்லை. அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஈரச் சுவருக்குள் அவளைப் படுக்க வைத்தால் நெஞ்சு என்ன ஆகும்? "சாந்து காயட்டும் நசீபா. மார்ச் வெயில்ல காஞ்சுடும். நானே வந்து கூட்டிட்டு வர்றேன்" என்றார். தினமும் போனில் அக்கா ஒரே கேள்விதான் கேட்பாள், "சுவர் காஞ்சுதா?" அவர் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் இல்ல" என்பார். அவளுக்காகவாவது அவருக்கு ஒரு பொய் சொல்லத் தெரிந்திருக்கலாம்.

பிப்ரவரிக் கடைசியில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. நிமோனியா என்றார்கள். அந்த நெஞ்சில் அதைத் தாங்க இடமில்லை. மார்ச் முதல் வாரம் போய்விட்டாள்.

மலைப்பாதை மூடியிருந்ததால் சுற்று வழியில் கொண்டுவந்தார்கள். வழக்கப்படி முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுப்பி, அதற்குள் அவளைக் கிடத்தினோம். இறந்தவர் இருக்கும் கூடாரத்தில் நெருப்பு மூட்டக் கூடாது. கரி வேண்டாம் என்று அலைந்தவளுக்குக் கடைசியில் நெருப்பே இல்லாத வீடு கிடைத்தது.

நாலு ஊரிலிருந்தும் ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. சாப்பாட்டுக்குக் குதிரை அடித்தாகிவிட்டது, அண்டாக்கள் ஏறிவிட்டன. கல்முரத் சித்தப்பா கல்லுக்குண்டு மாதிரி நடந்து வந்தார். தனக்காகக் கட்டச் சொன்ன கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். தெற்குக் கோடியில் அந்த அறை பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

"இது ஆகாது. இருநூறு பேராவது உக்காரணும். டேய், ரெண்டு பேர் வாங்கடா. இந்தப் பெட்டியைப் பிரிச்சு வெளிய போடுங்க. வைக்கோல்தானே, நாளைக்குத் திரும்ப அடுக்கிக்கலாம்."

இரண்டு பேர் பலகையில் கை வைத்தார்கள். நான் தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். பெரியத்தான் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. எங்கள் வழக்கப்படி துக்க வீட்டு ஆண்கள் ஊன்றி நின்று அழுகிற கோல் கையில் இருந்தது.

"கை வைக்காதே."

"எசென்குல், துக்கத்துல பேசறே. வர்றவங்க எங்க உக்காருவாங்க?"

"வெளிய."

"பனி கிடக்குதுடா! ஊர் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்." அவர் குரல் உயரவே இல்லை. "இந்த வீட்ல ரெண்டு பேருக்குத்தான் இடம், சித்தப்பா. முதல்லயே சொல்லியிருக்கணும்."

சித்தப்பா பலகையைப் பிடித்திருந்த இருவரையும் கையசைத்து வெளியே அனுப்பினார். என் வீட்டுக்காரர் வெளியே போய் முற்றத்துப் பனியை வாரத் தொடங்கினார். வந்தவர்கள் தார்ப்பாய்க்குக் கீழேயும் அக்கம்பக்கத்து வீடுகளிலும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. வீடு கட்டும்போதே இப்படி மறுத்திருந்தால் அன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊர் சொல்லும் ஒரு வார்த்தைக்குப் பயந்து அவர் நான்கு குளிர்காலத்தை அந்தக் கூடத்துக்குத் தின்னக் கொடுத்திருந்தார்.

அக்காவின் மேல் போர்த்த ஒரு மெத்தைவிரிப்பு வேண்டியிருந்தது. எடுக்க அந்த அறைக்குள் போனேன். கதவைத் தாழ்வாகத்தான் வைத்திருந்தார், குனிந்து நுழைந்தேன். ஜன்னல் வழியாக வெயில் தரை முழுக்க விழுந்திருந்தது. அடுப்பு மூட்டவில்லை. கூடத்தில் மூச்சு விட்டால் புகை மாதிரி வருகிறது, இங்கே எனக்கு வேர்த்தது. கோட்டைக் கழற்றினேன். இரண்டு கட்டில். ஒன்றின் மேல் அவளுடைய பழைய சால்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அக்காவின் கட்டில் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். பிறகு கன்னத்தை வைத்தேன். அங்கேயே நின்று வாய்விட்டு அழுதேன்.

கூடாரத்துக்குள் பெண்கள் கம்பளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அவள் பிறந்த குலத்தைப் பாடினாள், ஒருத்தி அவள் கைப்பக்குவத்தை, ஒருத்தி அவள் வளர்த்த மகளை. வெளியே கோலை ஊன்றி நின்று பெரியத்தான் அழுகிற சத்தம் கம்பளிக்கு அந்தப் பக்கம் கேட்டது. என் முறை வந்தது. ஓரகத்தி நன்றாகப் பாட வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். எனக்குப் பாட்டு வரவில்லை. விரிப்பை அவள் மேல் போர்த்தி, ஓரங்களைச் செருகிவிட்டு, அவருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"சுவர் காஞ்சுடுச்சு, அக்கா."

வெளியே அழுகைச் சத்தம் நின்றது.